நரம்பு மண்டலத்தின் துணைச் செல்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பள்ளி உயிரியல் பாடத்தில் நரம்புச் செல்லான நியூரானுக்குப் பெரிய படம் இருக்கும். செல் உடலம், செய்தியை வாங்கும் கிளைகளான டென்ட்ரைட், செய்தியைக் கொண்டுசெல்லும் நீண்ட இழையான ஆக்சான் என்று பாகங்களைக் குறித்துப் பழகியிருப்போம். நியூரோகிளியாவுக்குக் கிடைப்பது இரண்டொரு வரிதான்: அவை துணைச் செல்கள், நரம்புத் தூண்டலைத் தோற்றுவிப்பதோ கடத்துவதோ இல்லை. அந்த வரிகளோடு மருத்துவம், செவிலியம், இயன்முறை சிகிச்சை ஆகிய படிப்புகளுக்கு வருபவர்களும், வீட்டில் ஒருவருக்கு நரம்பு நோய் வந்த பிறகு தேடிப் படிப்பவர்களும் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே விடை எழுதியிருக்கிறேன். நரம்பு நோய் என்று நாம் பொதுவாகச் சொல்லும் நோய்களில் பல, முதலில் தாக்குவது இந்தத் துணைச் செல்களைத்தான். இதை மனத்தில் வைத்துக்கொண்டு படித்தால் விடைகள் ஒன்றோடொன்று பொருந்தி வரும்.

துணைச் செல்கள் என்று எவற்றைச் சொல்கிறோம்?

நியூரான்களை ஒட்டி வாழ்ந்து, அவை வேலை செய்வதற்கான சூழலை அமைத்துக்கொடுக்கும் செல்களுக்குக் கிளியா (நியூரோகிளியா என்பதன் சுருக்கம்) என்று பொதுப்பெயர். மூளையிலும் தண்டுவடத்திலும் ஆஸ்ட்ரோசைட்டுகள், ஒலிகோடென்ட்ரோசைட்டுகள், அவற்றின் முன்னோடிச் செல்கள், மைக்ரோகிளியா, எபென்டைமல் செல்கள் ஆகியவை உள்ளன. அவற்றுக்கு வெளியே, கை கால்களுக்கும் உள்ளுறுப்புகளுக்கும் செல்லும் நரம்புகளில் ஸ்வான் செல்களும், நரம்பு முடிச்சுகளில் சேட்டலைட் செல்களும், குடல் சுவரின் நரம்புப் பின்னலில் அதற்கே உரிய கிளியாவும் உள்ளன. விழித்திரையின் முல்லர் செல்லும் சிறுமூளையின் பெர்க்மன் கிளியாவும் ஆஸ்ட்ரோசைட்டுக்கு நெருங்கிய உறவுடையவை.

பிறப்பிடத்தைப் பார்த்தால் இவை மூன்று குடும்பங்களாகப் பிரியும். மூளையின் கிளியா, நியூரான்களைப் போலவே, கருவின் நரம்புக் குழலிலிருந்து பிறக்கிறது. ஸ்வான், சேட்டலைட் செல்கள் அந்தக் குழலின் விளிம்பிலிருந்து பிரிந்து செல்லும் நரம்பு முகட்டுச் செல்களிலிருந்து வருகின்றன. மைக்ரோகிளியா மட்டும் வேற்றூரிலிருந்து குடியேறியது. கருவின் மஞ்சள்கருப் பையில் தோன்றும் முன்னோடிச் செல்கள் மூளைக்குள் நுழைந்து அங்கேயே தங்கி, பெருகி, வாழ்நாள் முழுவதும் தம் இனத்தைத் தாமே புதுப்பித்துக்கொள்கின்றன.

கிளியா என்றால் பசை என்று பொருளாமே?

ஆம், கிரேக்கச் சொல். செருமானிய நோயியலாளர் ருடால்ஃப் ஃபிர்க்கோ 1850களில் நியூரோகிளியா என்ற பெயரை வைத்தபோது, நரம்புக் கூறுகளைப் பிடித்து வைத்திருக்கும் ஒருவகை இணைப்புத் திசு என்றே அதைக் கருதினார். அன்றைய சாயங்களில் செல்களின் கிளைகள் தெரியாது. தெரிந்ததெல்லாம் நியூரான்களுக்கு இடையிலான மங்கலான நிரப்பு மட்டுமே. 1873இல் கமில்லோ கோல்ஜி அறிவித்த வெள்ளிச் சாயம்தான் செல்களை அவற்றின் கிளைகளோடு தனித்தனியாகக் காட்டத் தொடங்கியது. ஸ்பெயினின் சாண்டியாகோ ரமோன் இ காஹால் தங்கக் குளோரைடு முறையால் ஆஸ்ட்ரோசைட்டுகளைத் தெளிவாக்கினார். அந்த முறைக்கும் அகப்படாமல், கிளைகளற்ற உருண்டைகளாகத் தெரிந்த மிச்சச் செல்களை அவர் ‘மூன்றாம் கூறு’ என்று அழைத்தார். 1919இலும் அதை அடுத்த ஆண்டுகளிலும் பியோ டெல் ரியோ ஹோர்த்தேகா வெள்ளிக் கார்பனேட் சாயத்தைக் கொண்டு, அந்த மூன்றாம் கூறு உண்மையில் மைக்ரோகிளியா, ஒலிகோடென்ட்ரோசைட் என்னும் இரு வேறு செல்கள் என்று பிரித்துக் காட்டினார். இன்று நாம் மனப்பாடம் செய்யும் வகைப்பாடு, சாயத் தொட்டிகளின் முன் ஆண்டுக்கணக்கில் நின்றவர்கள் தந்தது. அவர்கள் கையால் வரைந்த படங்கள் இன்றும் துல்லியமாகப் பொருந்துகின்றன.

துணைச் செல்கள் நியூரான்களைப் போல் பத்து மடங்கு என்பது உண்மையா?

இல்லை. பல பத்தாண்டுகளாகப் பாடநூல்களில் இடம்பிடித்திருந்த இந்தக் கணக்குக்கு உறுதியான எண்ணிக்கை அடிப்படை இருந்ததில்லை. 2009இல் பிரேசில் ஆய்வாளர்கள், மூளைத் திசுவைக் கரைத்து, செல் உட்கருக்களை மட்டும் ஒரு திரவத்தில் சீராகக் கலந்து எண்ணும் முறையால் மனித மூளையை அளந்து வெளியிட்டனர். நியூரான்கள் சுமார் 8,600 கோடி. மற்றச் செல்கள் எல்லாம் சேர்ந்து சுமார் 8,500 கோடி. இந்த இரண்டாவது எண்ணில் இரத்தக் குழாய்ச் செல்களும் அடக்கம் என்பதால், மூளை முழுவதற்கும் பார்த்தால் ஒன்றுக்கு ஒன்று, அல்லது அதற்கும் சற்றுக் குறைவு. இடத்துக்கு இடம் விகிதம் பெரிதும் மாறும்: சிறுமூளையில் நியூரான்களே மிகுதி, பெருமூளையில் கிளியாவே மிகுதி.

ஆஸ்ட்ரோசைட் அப்படி என்னதான் செய்கிறது?

இந்தப் பக்கத்தில் மிக நீளமாக எழுத வேண்டிய விடைகளுள் இதுவும் ஒன்று. ஆஸ்ட்ரோசைட் என்றால் விண்மீன் வடிவச் செல் என்று பொருள். உண்மையில் அதன் உருவம் விண்மீனை விட, நுண்ணிய துளைகள் நிறைந்த கடற்பஞ்சையே ஒத்திருக்கும். அதன் கிளை நுனிகள் ஒருபுறம், ஒரு நியூரான் அடுத்த நியூரானுக்குச் செய்தி தரும் சந்திப்புகளான சினாப்ஸ்களைச் சூழ்கின்றன. மறுபுறம் இரத்தத் தந்துகியின் மேல் பாதம் பதித்தாற்போல் விரிந்து ஒட்டுகின்றன. மனிதப் பெருமூளைப் புறணியில் ஒரே ஓர் ஆஸ்ட்ரோசைட்டின் எல்லைக்குள் 20 லட்சம் சினாப்ஸ்கள் வரை அடங்கலாம் என்று மதிப்பிட்டிருக்கிறார்கள்.

ஒரு சினாப்ஸில் நடப்பதைக் கிட்டத்தில் போய்ப் பார்ப்போம். நியூரான் குளுட்டமேட் என்னும் தூண்டும் வேதிப்பொருளை வெளியிடுகிறது. அது எதிர்ப்பக்க ஏற்பிகளில் பட்டதும் செய்தி சேர்ந்துவிடுகிறது. அந்தக் குளுட்டமேட் அங்கேயே தேங்கினால் எதிரிலுள்ள நியூரான் ஓயாமல் தூண்டப்பட்டு, கால்சியம் உள்ளே பெருகி, இறந்தே போகும். பக்கத்தில் காத்திருக்கும் ஆஸ்ட்ரோசைட் நொடியின் ஆயிரத்தில் சில பங்குக்குள் அதைப் பற்றி உள்ளிழுத்து, அம்மோனியாவைச் சேர்த்து, தூண்டும் ஆற்றலற்ற குளுட்டமினாக மாற்றி, நியூரானுக்கே திருப்பித் தருகிறது. நியூரான் அதிலிருந்து மீண்டும் குளுட்டமேட் செய்துகொள்கிறது. இதோடு, ஒவ்வொரு தூண்டலின்போதும் நியூரானிலிருந்து வெளியேறும் பொட்டாசியத்தை உறிஞ்சிப் பரப்பிவிடுவதும், குளுக்கோஸைக் கிளைக்கோஜனாகச் சேமிப்பதும், வேலை மிகுந்த பகுதிக்கு இரத்த ஓட்டத்தைக் கூட்டத் துணைபுரிவதும், இரத்தத்திலுள்ள பொருள்கள் தடையின்றி மூளைக்குள் புகாமல் காக்கும் மூளை இரத்தத் தடுப்பின் இறுக்கத்தைப் பேண உதவுவதும் இதன் பணிகளே.

இந்த வேலையின் அளவு, அது கெடும்போதுதான் தெரிகிறது. கல்லீரல் முற்றிலும் பழுதான நோயாளிகள் சிலர் பகலில் தூங்கி இரவில் விழித்திருப்பதையும், கையை நீட்டச் சொன்னால் மணிக்கட்டு பறவைச் சிறகுபோல் அடித்துக்கொள்வதையும், பின்பு பேச்சுக் குழறி மயக்கத்துக்குப் போவதையும் உறவினர்கள் பார்த்திருப்பார்கள். நோய் கல்லீரலில் இருக்க, மூளை ஏன் கெடுகிறது? கல்லீரல் அகற்றாமல் விட்ட அம்மோனியா மூளைக்குள் வருகிறது. மூளையில் அதைக் கட்டுப்படுத்தக்கூடிய நொதி பெரும்பாலும் ஆஸ்ட்ரோசைட்டில்தான் இருக்கிறது. அளவுக்கு மீறிக் குளுட்டமின் சேரச் சேர அந்தச் செல் நீரை இழுத்து வீங்கிவிடுகிறது. லாக்டுலோஸ் கொடுத்து மலம் கழியச் செய்வதன் நோக்கம் குடலிலிருந்து வரும் அம்மோனியாவைக் குறைப்பதே. வயிற்றுக்குத் தரும் மருந்தால் தெளிவடைவது மூளை என்று குடும்பத்தாருக்கு எடுத்துச் சொன்னால், அந்த மருந்தை அவர்கள் தவறவிட மாட்டார்கள்.

மையலின் உறையை யார் செய்கிறார்கள்? அதனால் என்ன பயன்?

மூளையிலும் தண்டுவடத்திலும் ஒலிகோடென்ட்ரோசைட். மற்ற நரம்புகளில் ஸ்வான் செல். ஒலிகோடென்ட்ரோசைட் பல கைகளை நீட்டி, ஒரே சமயத்தில் 50 வரையிலான ஆக்சான் துண்டுகளுக்கு உறை போடும். ஸ்வான் செல் தன் உடல் முழுவதையும் ஒரே ஒரு துண்டுக்குக் கொடுத்துவிடும். இரண்டிலும் நடப்பது ஒன்றே: செல் படலம் ஆக்சானைச் சுற்றிச் சுற்றிப் பாய் சுருட்டுவதுபோல் படிந்து, நடுவிலுள்ள சைட்டோபிளாசம் பிதுக்கப்பட்டு, கொழுப்பு மிகுந்த அடுக்குகள் மட்டும் எஞ்சுகின்றன. தடித்த நரம்பிழைகளில் ஒரு துண்டின் நீளம் சுமார் 1 மில்லிமீட்டர். அடுத்த துண்டுக்கு முன் விடப்படும் ரான்வியர் கணு ஏறத்தாழ அதன் ஆயிரத்தில் ஒரு பங்கு. மின் தூண்டல் கணுவுக்குக் கணு தாவிச் செல்கிறது.

கல்லில் கால் விரலை இடித்துக்கொண்டவர்கள் இதன் பயனைத் தம் உடம்பிலேயே உணர்ந்திருப்பார்கள். இடித்த கணமே தொடு உணர்வும் சுரீர் என்ற வலியும் வந்துவிடும். ஏறக்குறைய ஒரு நொடி கழித்து, எரிச்சலோடு கூடிய இரண்டாவது வலி மெல்லப் பரவும். முதலில் வந்தவை மையலின் உறையுள்ள இழைகளின் வழியாக வந்தவை. மிக வேகமான இழைகள் நொடிக்கு 120 மீட்டர் வரை கடத்தும். இரண்டாவது வலியைக் கொண்டுவருபவை நொடிக்கு 0.5 முதல் 2 மீட்டர் வரையே செல்லும் உறையற்ற மெல்லிழைகள். அவற்றையும் ஸ்வான் செல்கள் கைவிடுவதில்லை; பல மெல்லிழைகளை ஒரே செல் தன் மடிப்புகளுக்குள் வைத்துக் காக்கிறது.

மையலின் இல்லாமலும் வேகம் பெறலாம், ஆனால் ஆக்சானைத் தடிக்கச் செய்ய வேண்டும். கணவாய் இனத்தைச் சேர்ந்த ஸ்க்விட் அப்படித்தான் செய்கிறது: அரை மில்லிமீட்டருக்கும் மேல் தடித்த அதன் பேராக்சான் நொடிக்குச் சுமார் 25 மீட்டர்தான் கடத்தும். நம் பார்வை நரம்பில் ஏறத்தாழ 10 லட்சம் இழைகள் உள்ளன. அவை ஒவ்வொன்றும் அந்தத் தடிமனில் இருந்தால் அவற்றை வைக்கத் தலை போதாது.

மல்டிபிள் ஸ்க்லெரோசிஸ், கில்லன் பாரே இரண்டும் மையலின் நோய்கள்தானே? ஏன் இரண்டும் வேறுபடுகின்றன?

தாக்கப்படும் மையலின் யாருடையது என்பதே வேறுபாடு. மல்டிபிள் ஸ்க்லெரோசிஸில் உடலின் நோயெதிர்ப்பு ஒலிகோடென்ட்ரோசைட் செய்த மையலினைத் தாக்குகிறது. பார்வை நரம்பு பெயரளவில் நரம்பானாலும் உண்மையில் மூளையின் நீட்சி, அதன் மையலின் ஒலிகோடென்ட்ரோசைட்டுடையது. எனவேதான் ஒரு கண்ணின் பார்வை மங்குவதே பலருக்கு முதல் அறிகுறியாகிறது. வெந்நீரில் குளித்தபின் பார்வை மேலும் மங்கி, உடல் குளிர்ந்ததும் திரும்புவதாகச் சில நோயாளிகள் சொல்வார்கள். அது கற்பனை இல்லை. உறை இழந்த இழையில் வெப்பம் சற்று ஏறினாலும் கடத்தல் நின்றுவிடலாம். கில்லன் பாரே நோயில், பெரும்பாலும் வயிற்றுப்போக்கோ சளிக் காய்ச்சலோ வந்த சில நாள் அல்லது சில வாரங்களில், கை கால் நரம்புகள் தாக்கப்படுகின்றன. அதன் பரவலான வடிவத்தில் சேதமடைவது ஸ்வான் செல்லின் மையலின். கால்களில் தொடங்கும் தளர்ச்சி மேலேறி மூச்சுத் தசைகளை எட்டலாம் என்பதால் அது அவசர நிலை. ஆயினும் ஸ்வான் செல்கள் மீண்டும் உறையிடும் திறன் கொண்டவை, எனவே பலர் நன்கு தேறுகிறார்கள். இவ்விரண்டிலிருந்தும் வேறான, பார்வை நரம்பையும் தண்டுவடத்தையும் தாக்கும் நியூரோமையலைட்டிஸ் ஆப்டிகாவில், பெரும்பாலான நோயாளிகளுக்கு, எதிர்ப்பொருளின் இலக்கு ஆஸ்ட்ரோசைட்டின் பாதங்களிலுள்ள அக்வாபோரின் 4 என்னும் நீர்க் கால்வாய்ப் புரதம். மூன்றுக்கும் சிகிச்சை ஒன்றாக இல்லாததற்கு இதுவே அடிப்படை.

கையில் அறுபட்ட நரம்பு வளர்கிறது, தண்டுவடம் ஏன் வளர்வதில்லை?

கையில் நரம்பு அறுந்தால், வெட்டுக்கு அப்பாலுள்ள ஆக்சான் சிதைகிறது. அங்கிருக்கும் ஸ்வான் செல்கள் தம் மையலினைக் கைவிட்டு, குப்பையை அகற்ற உதவி, பெருகி, வரிசையாக நின்று, வளர்ச்சிக் காரணிகளைச் சுரந்து வழிகாட்டுகின்றன. புதிய முளை நாளொன்றுக்கு ஏறத்தாழ 1 மில்லிமீட்டர் வளரும். மேல்கையில் காயம் பட்டவருக்கு விரலில் உணர்வு திரும்ப ஓராண்டுக்கு மேல் ஆவதை இந்தக் கணக்கே விளக்கும்.

தண்டுவடத்தில் ஒலிகோடென்ட்ரோசைட்டுகள் அப்படி நடந்துகொள்வதில்லை. சிதைந்த மையலின் நெடுநாள் அகலாமல் கிடக்கிறது, அதிலுள்ள சில புரதங்கள் வளரும் முனையைத் தடுக்கின்றன, ஆஸ்ட்ரோசைட்டுகள் முன்னின்று எழுப்பும் தழும்பும் குறுக்கே நிற்கிறது. இந்தத் தழும்பைக் கெட்டது என்று மட்டும் சொல்லிவிடக் கூடாது. அழற்சி நல்ல திசுவுக்குப் பரவாமல் வேலி கட்டுவதும் அதுவே. 1980களின் தொடக்கத்தில் மான்ட்ரியாலில் ஆல்பர்ட் அகுவாயோவின் குழு எலிகளின் தண்டுவடத்தில் கால் நரம்புத் துண்டை ஒட்டியபோது, வளராது என்று நம்பப்பட்ட மைய ஆக்சான்கள் அந்த ஒட்டுக்குள் வெகுதூரம் வளர்ந்தன. நியூரானின் இயலாமையை மட்டும் குறை சொல்லிக்கொண்டிருந்த எண்ணத்தை மாற்றிய சோதனை அது. அக்கம்பக்கத்துச் செல்கள் மாறினால் நியூரானும் மாறுகிறது.

மைக்ரோகிளியா மூளையின் வெள்ளை அணுவா?

நெருங்கிய உறவு, ஆனால் அதுவே இல்லை. கிருமியையும் இறந்த செல்லையும் விழுங்குவது இதன் அறியப்பட்ட பணி. காயமில்லாத நேரத்தில் இது சும்மா இருப்பதாக நினைத்திருந்தார்கள். 2005இல் உயிருள்ள எலியின் மூளையை மண்டையோட்டின் வழியே ஒளிக்கற்றையால் படமெடுத்தபோது, மைக்ரோகிளியாவின் உடல் ஓரிடத்தில் நிற்க, அதன் மெல்லிய கிளைகள் இடைவிடாமல் நீண்டும் சுருங்கியும் சுற்றுப்புறத்தைத் தடவிக்கொண்டிருப்பது தெரிந்தது. ஒரு நுண் இரத்தக் குழாய் பழுதானதும் சில நிமிடங்களில் அக்கம்பக்கத்துக் கிளைகள் எல்லாம் அதை நோக்கித் திரும்பின. வளரும் மூளையில் தேவையற்ற சினாப்ஸ்களைக் களையெடுப்பதிலும் இதற்குப் பங்குண்டு. முதுமையில் அல்சைமர் நோய்க்கான வாய்ப்பைக் கூட்டும் மரபணு மாற்றங்களில் சில, மூளைக்குள் முக்கியமாக மைக்ரோகிளியாவில் வேலை செய்யும் மரபணுக்களிலேயே உள்ளன.

எபென்டைமல் செல், சேட்டலைட் செல் பற்றி?

எபென்டைமல் செல்கள் மூளையறைகளின் உட்சுவரில் வரிசையாக அமர்ந்து, தம் குறுயிழைகளை அசைத்து மூளைத் தண்டுவடத் திரவம் நகர உதவுகின்றன. அவற்றின் மாறிய வடிவம் மூடியிருக்கும் கோராய்டு பின்னல் நாளொன்றுக்கு ஏறத்தாழ அரை லிட்டர் திரவத்தைச் சுரக்கிறது. சேட்டலைட் செல்கள் நரம்பு முடிச்சுகளில் ஒவ்வொரு நியூரான் உடலத்தையும் உறைபோலச் சூழ்ந்து அதன் வேதிச் சூழலைக் காக்கின்றன.

துணைச் செல்கள் செய்தி கடத்துவதில்லை என்று தேர்வில் எழுதலாமா?

நரம்புத் தூண்டலைக் கடத்துவதில்லை என்று எழுதலாம்; அது சரியே. செய்தியே அனுப்புவதில்லை என்று எழுதினால் பிழை. 1990இல் வளர்ப்பு ஊடகத்தில் இருந்த ஆஸ்ட்ரோசைட்டுகளுக்குக் குளுட்டமேட் கொடுத்தபோது, கால்சியம் அலை ஒன்று செல்லிலிருந்து செல்லுக்குப் பரவுவதைக் கண்டார்கள். ஒலிகோடென்ட்ரோசைட் முன்னோடிச் செல்களின் மேல் நியூரான்கள் நேரடியாகச் சினாப்ஸ் அமைப்பதும் பின்னர் தெரியவந்தது.

ஐன்ஸ்டைன் மூளையில் துணைச் செல்கள் அதிகம் இருந்ததாகச் சொல்கிறார்களே?

1985இல் மரியன் டைமண்டும் உடனாய்வாளர்களும் அவர் மூளையின் நான்கு பகுதிகளை 11 ஆண்களின் மூளைகளோடு ஒப்பிட்டார்கள். இடப்பக்கத்தில் ஒரே ஒரு பகுதியில் மட்டும், நியூரான் ஒன்றுக்கு இருக்கும் கிளியாவின் விகிதம் குறிப்பிடத்தக்க அளவு கூடியிருந்தது. ஒப்பிடப்பட்டவர்களின் சராசரி வயது குறைவு; ஆய்வுக்கு உட்பட்டதோ ஒரே ஒரு மேதையின் மூளை. இதிலிருந்து அறிவுக்கூர்மை பற்றி எதையும் முடிவு செய்ய முடியாது என்பதே என் கருத்து. இதைக் காட்டி விற்கப்படும் நினைவாற்றல் மருந்துகளுக்குப் பணம் செலவழிக்க வேண்டாம்.

மூளைக் கட்டிகள் பெரும்பாலும் கிளியாவிலிருந்து வருவது ஏன்?

மூளையிலேயே தோன்றும் புற்றுக்கட்டிகளில் பெரும்பகுதி கிளியோமா, அதாவது கிளியா வகைச் செல்களின் கட்டி. முதிர்ந்த நியூரான் பிரிவதில்லை. கிளியாவும் அதன் முன்னோடிகளும் பிரியும் திறனைத் தக்கவைத்திருக்கின்றன. பிரியும் செல்லில்தான் பிரிவுக் கட்டுப்பாடு கெட வாய்ப்பு உண்டு. செவி நரம்பின் ஸ்வான் செல்லிலிருந்து மெதுவாக வளரும் ஸ்வானோமா புற்றல்லாத வகை.

தொழுநோய் தோல் நோயா, நரம்பு நோயா?

கிருமி குடியேறும் செல்லை வைத்துச் சொன்னால், ஸ்வான் செல்லின் நோய். நார்வே மருத்துவர் ஹான்சன் 1873இல் கண்ட தொழுநோய்க் கிருமியான மைக்கோபாக்டீரியம் லெப்ரே, ஸ்வான் செல்லைச் சுற்றியுள்ள லாமினின் என்னும் புரதத்தைப் பற்றிக்கொண்டு உள்ளே புகுகிறது. இரண்டாகப் பிரிய அதற்கு ஏறத்தாழ இரண்டு வாரம் தேவை. ஆகவே தொற்று ஏற்பட்டு அறிகுறி தெரியப் பல ஆண்டுகள் ஆகின்றன. உடலின் குளிர்ந்த பகுதிகளே அதற்கு உகந்தவை. முழங்கையின் உட்புற எலும்புப் புடைப்புக்குப் பின்னால், இடித்துக்கொண்டால் ஷாக் அடித்ததுபோல் இருக்குமே, அங்கே தோலுக்கு அருகில் ஓடும் அல்னார் நரம்பு அது விரும்பும் இடங்களுள் ஒன்று. மருத்துவர் அந்த இடத்தை விரலால் உருட்டிப் பார்ப்பது, நரம்பு கயிறுபோல் தடித்திருக்கிறதா என்று அறியத்தான்.

நிறம் வெளுத்த ஒரு படையைத் தேமல் என்று விட்டுவிடுவது நம் ஊர்களில் வழக்கம். தேமலில் உணர்ச்சி குறையாது. கண்ணை மூடச் சொல்லி, பஞ்சு நுனியால் படையின் மேல் தொட்டால் தெரியவில்லை என்றால் உடனே மருத்துவரிடம் காட்ட வேண்டும். விரல்கள் அழுகி உதிர்வதாக நெடுங்காலம் நம்பியிருந்தார்கள். 1940களின் இறுதியிலிருந்து வேலூரில் பணியாற்றிய அறுவை மருத்துவர் பால் பிராண்ட், உணர்வற்ற கை சூட்டையும் வெட்டையும் அறியாமல் மீண்டும் மீண்டும் காயப்படுவதே விரல் தேய்வதற்குக் காரணம் என்று காட்டி, மடங்கிப்போன விரல்களைத் தசைநாண் மாற்று அறுவையால் நிமிர்த்தினார்.

ரிஃபாம்பிசின், டாப்சோன், குளோஃபசிமின் சேர்ந்த கூட்டு மருந்து அரசு மருத்துவமனைகளிலும் ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் கட்டணமின்றிக் கிடைக்கிறது. நோயின் வகைக்கேற்ப 6 மாதமோ 12 மாதமோ உட்கொள்ள வேண்டும். கிருமி சாவதால் மட்டும் நரம்பு தப்பிவிடாது: மருந்து உண்ணும்போதோ முடித்த பிறகோ, கிருமியின் எச்சங்களுக்கு எதிரான அழற்சி நரம்பை வீங்கச் செய்யலாம். முழங்கையில் புதிய வலி, விரலை விரிக்க முடியாமை, கண் இமை முழுதாக மூடாமை, கணுக்கால் தொங்குதல் ஆகியவற்றில் எது தெரிந்தாலும் அடுத்த மருந்து நாள் வரை காத்திருக்காமல் அன்றே போய்க் காட்டுங்கள்; உரிய காலத்தில் தரப்படும் ஸ்டீராய்டு சிகிச்சையால் நரம்பின் செயலைப் பல வேளைகளில் மீட்க முடியும்.